உள்ளது உள்ளபடி

அகராதிக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தமிழுக்குள் வந்த சொல் அல்ல 'டிஸ்போசல்'. 1945ல் இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், சர்க்கார் தனக்கு வேண்டாமென்று ஏலத்தில் கழித்துவிட்ட சாமான்களோடு சாமானாக அதுவும் வந்து இறங்கியது. டிஸ்போசல் கம்பளி, டிஸ்போசல் பூட்ஸ், டிஸ்போசல் தண்ணீர்க் குப்பி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். பொருளுக்கு முன்னால் வம்சப் பெயர் மாதிரி அது ஒட்டிக்கொள்ளும். லாரி விஷயத்தில் பொருளின் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. 'முக்கில் ஒரு டிஸ்போசல் நிற்கிறது' என்றால் போதும், நிற்பது லாரி என்று எல்லோருக்கும் தெரியும். 'ஏலம்' போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். 'டிஸ்போசல்' ஆங்கிலேயர் விட்டுப்போனது. அந்நியன் போட்டுவிட்டுப் போனதை விற்றுத் தீர்ப்பதற்கும் அவன் பாஷையிலிருந்தே நமக்குச் சொல் கிடைத்திருக்கிறது.

யுத்தம் என்றால் நம் சிறுபத்திரிகை உலகத்துக்கு ஒரே சித்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஐரோப்பிய மனம் உடைந்தது. அந்த உடைவிலிருந்து அபத்தம் பற்றியும் இருப்பு பற்றியும் சிந்தனைகள் எழுந்தன. அவற்றை நாம் மொழிபெயர்த்தோம், அவற்றுக்காகச் சண்டையும் போட்டுக்கொண்டோம். நானும் அவற்றை ஆர்வத்தோடு படித்தவன்தான். ஆனால் அதே யுத்தத்தின் ஸ்பிரிங் பட்டைகள் நம் ஊர்க் கொல்லுப் பட்டறைகளில் அரிவாளாகவும் கடப்பாரையாகவும் உருமாறிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே யுத்தம் என்ற பிரக்ஞை நம் எழுத்தில் எங்காவது பதிவாகியிருக்கிறதா? சரித்திரம் எழுதுகிறவர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு மேடை, தீர்மானம், ஊர்வலம் இருந்தால் போதும், இரும்பு தேவையில்லை. 1992ல், ஒரு நண்பனுக்காகப் பழைய ராணுவ லாரி ஒன்றைச் சுமார் 60 கிலோமீட்டர் இழுத்து வரும் காரியத்தில் நானும் ஒரு கை கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சரித்திரத்தை நான் தேடிப் படித்தேன். அந்தப் பயணத்தை அதனிடத்தில் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிகள் எப்படி வந்தன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கனடா ஒரு நாடு மட்டும் அந்த யுத்தத்துக்காக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ மோட்டார் வண்டிகளைச் செய்து தள்ளியது. அமெரிக்கா செய்த ஜீப்கள் மட்டுமே 6 லட்சத்துக்கு மேல். கனடாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சண்டை போடாமல் ஒரே ஜாடையில் செய்த அந்த லாரியைப் பழைய புகைப்படங்களில் பார்த்திருக்கலாம். சப்பை மூக்கு, முன் கண்ணாடி வழக்கத்துக்கு மாறாக, மேல் விளிம்பு முன்னால் துருத்தி, கீழ் விளிம்பு உள்ளே சரிந்து நிற்கும். ஏதோ கோபத்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது போல இருக்கும். காரணம் அழகியல் அல்ல. கண்ணாடியில் பட்ட வெயில் மேலே தெறித்து விமானத்திலிருப்பவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான். பாகம் பாகமாகப் பெட்டியில் அடைபட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. பம்பாயில் 1928லிருந்தே கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கூடம் இருந்தது, ஃபோர்டும் இருந்தது. இதே வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் கவசத் தகடு போர்த்தி, டாடாவும் ரயில்வே பணிமனைகளும் சேர்ந்து இந்திய மாதிரிக் கவச வண்டி ஒன்றையும் உருவாக்கின. இந்தியக் கனரகத் தொழிலின் கதையை 1947ன் நள்ளிரவிலிருந்து தொடங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இத்தனை லாரி வந்த அதே வருஷங்களில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்தது என்ன? கரி பஸ். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் கொப்பரை மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் இதற்கென்றே ஒரு கேஸ் பிளாண்ட் தயாரித்து விற்றார். ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவது பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் மிகை இருக்கலாம். ஆனால் தள்ளியது உண்மை. கரி பஸ்ஸைத் தள்ளிய தலைமுறையின் முன்னால் திடீரென்று முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஏலத்துக்கு வந்து நின்றால், அது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும்!

அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் இங்கே கொண்டு வந்து குவித்த சாமான்களைத் திருப்பிக் கப்பலேற்றுவதில் அக்கறை காட்டவில்லை. 1946 மே 16ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அவை மொத்தமாக இந்திய சர்க்காரிடம் வந்து சேர்ந்தன. இந்திய சர்க்கார் ஏலம் போட்டது. அமெரிக்க ராணுவத்தின் பெரிய தளமாக இருந்த வங்காளத்துப் பானாகர், இன்றுவரை பழைய ராணுவ வண்டிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பேர்போன சந்தையாக இருக்கிறது. இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. மணிலாவில் அமெரிக்கன் போட்டுவிட்டுப் போன ஜீப்பை நீட்டி, கூரை போட்டு, வர்ணம் தீட்டி ஜீப்னி என்று ஓட்டினார்கள். அது அந்நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ரங்கூனில் நெற்றியைச் சுருக்கிய அதே கனடா லாரிகள் மரக்கூடு பூட்டிக்கொண்டு டவுன் பஸ்களாகி, 2000த்தைத் தாண்டியும் ஓடின. ஓட்டியவர்களுக்கு அது ரசனை சார்ந்த விஷயமல்ல. வேறு பஸ் இல்லை.

1951ல் மத்திய சர்க்காரில் இதற்கென்று பெரிய இலாகா ஒன்று முழு உருவம் பெற்றது. சப்ளைஸ் அண்டு டிஸ்போசல்ஸ் டைரக்டரேட் ஜெனரல் என்று பெயர். பெயரைக் கவனிக்க வேண்டும். வாங்குவதும் கழிப்பதும் ஒரே அலுவலகத்தின் இரண்டு கைகள். 2017 அக்டோபர் 31ல் அந்த இலாகா மூடப்பட்டது. அதற்கு வெகுமுன்பே கழிக்கிற வேலையின் பெரும்பகுதி 1964ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற உலோகக் கழிவு வாணிபக் கழகத்துக்குப் போய்விட்டிருந்தது. இப்போது அங்கே ஏலம் கணிப்பொறித் திரையில் நடக்கிறது. விலையைக் கூவ ஆள் கிடையாது.

இனி, வாங்குகிற கையைப் பற்றி. 1948ல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் வேண்டியிருந்தது. லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளை ஒதுக்கிவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். 80 லட்சம் ரூபாய்ச் சமாச்சாரம். வாங்கியது புது ஜீப் அல்ல. யுத்தத்தில் ஓடிக் களைத்து, செப்பனிடப்பட்டவை என்று சொல்லப்பட்ட ஜீப்கள். அதாவது டிஸ்போசல்! பணத்தில் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155. அவை இறங்கியது நம் மதராஸ் துறைமுகத்தில். இறக்கிப் பார்த்தபோது ராணுவத்துக்கு உதவாதவை என்று தெரிந்தது. பார்லிமெண்டில் பெரிய ரகளை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று சரித்திரப் புத்தகங்களில் அதற்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு நீதி விசாரணை வேண்டும் என்றது. உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த் 1955 செப்டம்பர் 30ல், சர்க்காரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். அதே 1955ன் ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. யுத்த காலத்தில் ராணுவக் கிடங்காக இருந்த ஆவடி! நம் சரித்திராசிரியர்கள் தீர்மானத்தை எழுதினார்கள். அது நிறைவேறிய மண்ணை எழுதவில்லை. கிருஷ்ண மேனன் 1956 பிப்ரவரியில் மந்திரியானார். எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது மேனனின் நேர்மை அல்ல. அதைப் பற்றி இரண்டு தரப்பிலும் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. பார்லிமெண்ட் எதைக் கண்டு கொதித்தது என்பதுதான் விஷயம். பரிசோதித்த சான்றிதழ் கையில் இல்லாமல், வண்டியைத் தட்டிப் பார்க்காமல், பணத்தைக் கொடுத்ததை. நியாயமான கொதிப்பு. ஆனால் இதே சர்க்கார் தான் கழிக்கும் வண்டிகளைத் தன் ஜனங்களுக்கு விற்கும்போது போடும் நிபந்தனை என்ன? 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்.' வண்டியில் எஞ்சின் இருக்கிறதா, கியர் விழுகிறதா, பார்த்த அன்று இருந்தது எடுக்கிற அன்றும் இருக்குமா, எதற்கும் விற்பவன் பொறுப்பல்ல. பணம் முன்னதாகக் கட்ட வேண்டும். சர்க்கார் அப்படி வாங்கினால் ஊழல். குடியானவன் அப்படி வாங்கினால் நடைமுறை. இந்த இரண்டாவது காரியம் எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக, லாட் லாட்டாக நடந்து வந்திருக்கிறது. 155 ஜீப்புக்குச் சரித்திரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

மேனன் 1957ல் பாதுகாப்பு மந்திரியானார். தட்டிப் பார்க்காமல் ஜீப் வாங்கியதாகப் பழி சுமந்தவர், வெளியிலிருந்து வாங்குவதே வேண்டாம், நாமே செய்வோம் என்றார். இதைப் பிராயச்சித்தம் என்பதா பிடிவாதம் என்பதா என்று எனக்குத் தெரியாது. பிடிவாதம் என்றே நினைக்கிறேன். ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, ஜபல்பூரில் 1904லிருந்து பீரங்கி வண்டி செய்துவந்த தொழிற்சாலையிலிருந்து 1959ல் 'சக்திமான்' லாரி வெளியே வந்தது. எம்.ஏ.என். சாதாரணக் கம்பெனி அல்ல. அதன் மூதாதைத் தொழிற்சாலையில்தான், ஆக்ஸ்பர்க் நகரில், ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை 1897ல் ஓட்டிக் காட்டினார். எதிர்க்கட்சியினர் சிரித்தார்கள். ராணுவத் தொழிற்சாலையில் மேனன் காப்பி பெர்கொலேட்டர் செய்துகொண்டிருக்கிறார் என்பது அந்நாளைய பிரசித்தமான கேலி. 1962ல் சீனாவோடு நடந்த சண்டையில் அந்தக் கேலி கேலியாக இல்லாமல் போயிற்று. மேனன் பதவி இழந்தார். சக்திமான் இழக்கவில்லை. 1969ல் ஜபல்பூரில் இதற்கென்றே தனித் தொழிற்சாலை எழும்பியது. 1996 வரை அந்த லாரி வந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷமே தூர்தர்ஷனில் அதே பெயரில் ஒரு வீரன் சுற்றிச் சுழன்று பறக்க ஆரம்பித்தான். இன்று சக்திமான் என்றால் நாற்பது வயதுக்காரர்கள்கூட அவனைத்தான் நினைப்பார்கள். லாரி பறக்காது. ஆனால் ஏறும்.

அந்த ஏறுதல்தான் என் நண்பனை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் ஒரு காலத்தில் கவிதை எழுதியவன். நான்கு இதழ்களோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் அவனுடைய இரண்டு கவிதைகள் வந்தன. பிறகு எழுதவில்லை; ஏன் என்று கேட்டால், 'தண்ணி கட்டப் போகணும்' என்பான். கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலம் பக்கம் அவன் ஊர். கொல்லி என்றால் நமக்கு வல்வில் ஓரியும் பாவையும். அவனுக்கு அன்னாசியும் பலாவும் மலைவாழையும். மலைக்கு மேலே போகும் பெரிய பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் சாதாரண லாரியே போகும். பிரச்னை அதற்கு உள்ளே, செம்மேட்டைத் தாண்டிச் சிற்றூர்களுக்குப் பிரியும் மண் தடங்களில். மழை விழுந்தால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். பழம் தலைச்சுமையாக வர வேண்டும். வருவதற்குள் பாதி கனிந்துவிடும். மீதியை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். முன் சக்கரமும் இழுக்கும் லாரி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஜீப்பை மகிந்திரா 1947லிருந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. அதில் எத்தனை பலாவை ஏற்ற முடியும்? லேலண்டும் டாடாவும் ஒரு குடியானவனுக்கு விற்கும் லாரியில் அன்று முன் சக்கரம் இழுக்காது. அந்த மாதிரி வண்டி அவன் கைக்கு வரக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான்: ராணுவம் கழிக்க வேண்டும். மனைவியின் எட்டுப் பவுனை அடகு வைத்தான்.

ராணுவ ஏலத்தில் லாட்டாக எடுத்து ஒற்றை ஒற்றையாக விற்கும் ஒரு வியாபாரி சங்ககிரியில் இருந்தார். அவருடைய கொட்டகையில் ஆறு சக்திமான்கள் நின்றன. கான்வாஸ் கூரை கிழிந்து, ஆலிவ் பச்சை வெளுத்து, எருமைகள் மழைக்கு ஒதுங்கியது போல. மெக்கானிக்குகள் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்டம்'. ஆங்கிலத்திலிருந்து தேய்ந்து வந்ததுதான். ஆனால் ஜோசியத்தில் வரும் கண்டமும் அதற்குள் எப்படியோ புகுந்துகொண்டிருக்கிறது. நண்பன் முதலில் போய்ப் பார்த்தபோது அவன் தேர்ந்தெடுத்த வண்டியில் டீசல் பம்ப் இருந்தது. பணம் கட்டிவிட்டு, பத்து நாள் கழித்து, பட்டறை பாயையும் என்னையும் கூட்டிக்கொண்டு எடுக்கப் போனபோது அது இல்லை. நான்கு போல்ட்டுகள் மட்டும் சுத்தமாக, எண்ணெய்கூடத் துடைக்கப்பட்டு, ஒரு தகரத்தில் வைத்திருந்தன.

வியாபாரி கோபப்படவில்லை. மோர் கொடுத்தார். 'ஏனுங்க, பாத்துத்தானுங்க எடுத்தீங்க? ரசீதுல பாருங்க, உள்ளது உள்ளபடின்னு எழுதியிருக்குதுங்களே. எனக்கும் அப்படித்தானுங்க குடுத்தாங்க.'

அந்தக் கடைசி வாக்கியம் உண்மை என்பதுதான் சங்கடம். நண்பன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய ஒரு கவிதையைக்கூட அவன் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

பாய் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். எஞ்சின் எழும்பாது என்று தெரிந்துவிட்டது; கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். இழுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் மாட்டு வண்டியை மட்டுமே பார்த்தவர்கள். 'தம்பி, எஞ்சின் தூங்கினா கியர்பாக்ஸையும் தூங்க விடணும்' என்றார் பாய், அடியிலிருந்தே. 'ஷாஃப்டைக் கழட்டாம இழுத்தா சக்கரம் சுத்தும், அது உள்ளே பல்லையெல்லாம் சுத்தும், எண்ணெய் மட்டும் எல்லா இடத்துக்கும் ஏறாது. வீடு போய்ச் சேரும்போது பல்லெல்லாம் பொடியாயிருக்கும்.' இந்த வண்டிக்கு முன்னாலும் ஒரு கிரௌன், பின்னாலும் ஒரு கிரௌன். ஆகையால் ஷாஃப்டும் இரண்டு பக்கம். துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்ற மத்தியானம் போய்விட்டது. கயிறோ சங்கிலியோ உதவாது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும். ஓடாத வண்டியில் மிதித்தால் கால்தான் வலிக்கும். முன்னால் போகிறவன் நின்றால் பின்னால் வருகிறது அவன் முதுகில் ஏறிவிடும். அதனால் இரும்புக் கம்பியில் கூம்பாகப் பற்றவைத்த இழுவைச் சட்டம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு பழைய லேலண்ட் காமெட்டின் பின்னால் மாட்டினோம். சட்டத்தின் ஊசி நழுவாமலிருக்கப் பாய் அதற்குக் குறுக்கே ஒரு கம்பியை வளைத்து முறுக்கினார். பின் பலகையில் என் சிவப்புத் துண்டு கட்டப்பட்டது.

ஸ்டியரிங்கில் நான். காமெட் டிரைவருக்குப் பக்கத்தில் நண்பன், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பாய் என்னோடு. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து நாமக்கல், பிறகு சேந்தமங்கலம். சாயங்காலம் கிளம்பி, நடையைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போனோம் என்று சொல்லலாம். கூரை இல்லை. முன் கண்ணாடி இரண்டு பாதியில் ஒரு பாதி இல்லை. எஞ்சின் சப்தம் இல்லாத லாரிக்குள் உட்கார்ந்து போவது விசித்திரமான அனுபவம். ஸ்பிரிங் பட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும். எதிரே வரும் வண்டி நமக்கு விளக்கு இல்லாததைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகும். அந்த வசவும் முழுசாகக் காதில் விழும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வரிசையாக நின்ற தெருவில், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் ஓடும் வண்டியின் கதவைத் தட்டி, 'முன் ஆக்ஸில் குடுக்கறதுன்னா சொல்லுங்க' என்றார். உயிரோடிருக்கிறவனிடம் கண்ணைத் தானம் கேட்பது மாதிரி. பாய் அவரிடம் சலாம் சொன்னார், அவ்வளவுதான்.

நாமக்கல்லில் கூடு கட்டும் பட்டறைகள் விளக்குப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தன. வெறும் அடிச்சட்டத்தோடு புது லாரிகள் நின்றன, மரமும் தகடும் ஏறுவதற்காக. தொழிற்சாலையிலிருந்து அடிச்சட்டம் மட்டும் வருவதும், மீதியை உள்ளூர்த் தச்சனும் கொல்லனும் முடிப்பதும் இந்தப் பிரதேசத்துக்கு அத்துபடி. டிஸ்போசல் வண்டிகளைச் சிவில் வண்டிகளாக்கிய கைகளும் இதே மாதிரிக் கைகள்தான். ஜபல்பூருக்கும் ஆக்ஸ்பர்குக்கும் ஆவணக் காப்பகம் இருக்கும். இந்தக் கைகளுக்கு இல்லை. அந்த இரவில் எனக்குக் கோபம் வந்தது வியாபாரியின் மீதல்ல என்பது மட்டும் நினைவிருக்கிறது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தோம். நண்பனின் மனைவி வாசலில் நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'சத்தமே இல்லாம வந்துருச்சுங்களே' என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

புது டீசல் பம்ப்புக்கு நண்பனிடம் பணம் இல்லை, பழையது கிடைக்கவில்லை. பாய் நான்கு மாதம் எடுத்துக்கொண்டு, விபத்தில் நொறுங்கிய லாரி ஒன்றின் லேலண்ட் எஞ்சினை அதற்குள் உட்காரவைத்தார். ஜெர்மன் எலும்பில் எண்ணூர் இருதயம். தாங்கிகள் புதிதாக வெட்டி, கப்ளிங் தட்டுக்குத் துளை மாற்றி, ஒரு வரைபடம் இல்லாமல், சாக்கட்டியால் தரையில் போட்ட கோடுகளை வைத்துச் செய்த வேலை அது. அந்த ஐப்பசி மழையில் வண்டி உள் தடங்களில் ஏறியது. நான் ஒருமுறை கூடப் போனேன். சேற்றில் முன் சக்கரங்கள் பிடித்து இழுக்கும்போது, பின்னால் பலாவின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் பயந்து சிரித்தார்கள். ஏழு வருஷம் ஓடியது. உதிரிப் பாகங்கள் பானாகரிலிருந்து பார்சலில் வந்தன. எட்டுப் பவுனில் ஐந்து திரும்பியது. பிறகு உள் ஊர்களுக்குத் தார் ரோடு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. வர வேண்டியதுதான், எப்போதோ வந்திருக்க வேண்டியது. தாரில் எந்த வேனும் போகும், டீசலும் பாதிதான் ஆகும். வாடகை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். 1999ல் அவன் வண்டியைக் கிலோ கணக்கில் கொடுத்துவிட்டான். மீதி மூன்று பவுனைப் பற்றி நான் கேட்டதில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ராணுவ வண்டியின் எண்ணுக்கு முன்னால் மேல்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதையடுத்து வண்டி வாங்கப்பட்ட வருஷம். அந்த அம்பு பிரிட்டிஷ் ராணுவத் தளவாட இலாகாவின் முத்திரையாக நூற்றாண்டுகளுக்கு முன்பு கிளம்பியது. சர்க்கார் சொத்து என்று அர்த்தம். பீரங்கி, பீப்பாய், கைதியின் சட்டை எல்லாவற்றிலும் அதைப் பொறித்தார்கள். சர்க்கார் ஒன்றைக் கழித்து விற்கும்போது, இன்னொரு அம்பைத் தலைகீழாக, முனையோடு முனை முட்டும்படி பொறிப்பது அங்கே வழக்கம். இனி எங்களுடையதல்ல என்று அர்த்தம். நண்பனின் வண்டியில் இரண்டாவது அம்பு இல்லை. கதவுக்கு வர்ணம் பூச வந்த உள்ளூர் பெயிண்டர் பழைய எண்ணைச் சுரண்டியவர், அம்பைச் சுரண்டவில்லை. மலைக்குப் போகிற வண்டி, மேலே என்று காட்டுகிறது என நினைத்துக்கொண்டு, அதற்குப் பளிச்சென்று மஞ்சள் கொடுத்துவிட்டார். நண்பனும் விட்டுவிட்டான். முதல் முறை பாரத்தோடு ராத்திரியில் இறங்கியபோது அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் டார்ச் அடித்தார். வெளிச்சம் அம்பின் மேல் விழுந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் கம்பத்தைத் தூக்கி, ஓரமாக ஒதுங்கி, கொஞ்சம் விறைப்பாகவும் நின்றார். அந்த வருஷ ஆயுத பூஜையிலிருந்து வண்டிக்கு வேறு என்ன பூசினாலும் பூசாவிட்டாலும், அந்த அம்புக்கு மட்டும் புது மஞ்சள் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.